ரயில் எங்கே நிற்கும் என்று யாரைக் கேட்கிறார்கள்?

எங்கள் காலனியிலிருந்து ரயில் நிலையத்துக்கு நாலு கிலோமீட்டர். அச்சிறுப்பாக்கத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். விடியற்காலைப் பாசஞ்சரைப் பிடிக்க நாலரைக்கே கிளம்ப வேண்டும். ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் விடுதி கிடைக்காமல் அந்த ரயிலில்தான் சென்னைக்குப் போய் வந்தேன். பெட்டியில் எனக்கு இருபுறமும் இருந்தவர்கள் சித்தாள் வேலைக்குப் போகும் அக்காக்கள், தாம்பரத்தில் இறங்கி மாலில் தரை துடைக்கப் போகிறவர்கள், பூக்கூடைக்காரர்கள், செவிலியர் பயிற்சிக்குப் போகும் தங்கைகள். இன்ன நாளில் இன்னார் வரவில்லை என்றால் பெட்டியே விசாரிக்கும். பாசஞ்சரைத் தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று. செங்கல்பட்டோடு மின்சார ரயில்கள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குத் தெற்கே இருப்பவர்களுக்கு ஒரு நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தான்.

இந்தப் பாதையில்தான் இப்போது ஒரு புதிய ரயில் பேசப்படுகிறது. 2025 மார்ச் மாதம் தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய மண்டல விரைவு ரயிலுக்கு மூன்று வழித்தடங்களில் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தப்படும் என்று அறிவித்தார்கள். சென்னை–செங்கல்பட்டு–திண்டிவனம்–விழுப்புரம் 167 கி.மீ., சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் 140 கி.மீ., கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கி.மீ. டெல்லி–மீரட் தடத்தில் 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கிய 'நமோ பாரத்' ரயில்தான் முன்மாதிரி. அறிவிப்பு வந்த அன்றே ரியல் எஸ்டேட் தரகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வரைபடம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நிலையம் எங்கே வரும் என்று அரசுக்கே தெரியாத நிலையில் மனை விற்பவருக்குத் தெரிந்திருந்தது!

நான் இந்த ரயிலை ஆதரிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் தோழர்கள் சிலரிடம் இதைப் பேசினால், 'இது மூலதனத்துக்கான ரயில், நமக்கு என்ன?' என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஊரைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு வழியும் சேரிக்கு ஒரு மூச்சு. பண்ணையாரின் களத்து மேட்டுக்குப் போகாமல் கூலி கிடைக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரத்தில் போக முடியுமென்றால், ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுப்பதா காலில் போடுவதா என்ற கேள்விக்கும் வேறு பதில் வரும். என் தாத்தா தண்டவாளத்தில் கேங்மேன் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் தெருவில் அவர்தான். ஊரில் யார் வீட்டுக்கும் பறையடிக்கப் போகவில்லை, இழவு சொல்லப் போகவில்லை. சொல்லியனுப்பினால், "டூட்டி இருக்கு" என்பாராம். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு ரயில்வே மேல் ஒரு பிரியம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ரயில் தானாகச் சாதியை ஒழித்துவிடாது. இந்தியாவுக்கு ரயில் வந்தபோது மார்க்ஸ் உட்படப் பலர் அப்படி நம்பினார்கள். தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்று பலகை தொங்கியது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் விடாமல் போராடித்தான் 1941இல் அது போனது. அம்பேத்கர் தன் சிறுவயது அனுபவத்தை எழுதியிருப்பதை நம்மில் பலர் படித்திருப்போம். 1901இல் சதாராவிலிருந்து கோரேகானில் இருந்த தந்தையைப் பார்க்கப் பிள்ளைகள் ரயிலில் வருகிறார்கள். ரயிலில் எந்தச் சிக்கலும் இல்லை, டிக்கெட் வாங்கினார்கள், உட்கார்ந்தார்கள், மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, அவர்கள் மகர் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறார். வெளியே நிற்கும் வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார்.

அந்தக் கதையில் சாதி காத்திருந்தது நிலையத்துக்கு வெளியில். போக்குவரத்துத் திட்டக்காரர்கள் 'கடைசி மைல் இணைப்பு' என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது நிலையத்திலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகும் சிற்றுந்து. நம் கடைசி மைல் வேறு. எங்கள் பக்கத்தில் ஷேர் ஆட்டோ ஊர்த் தெருவோடு திரும்பிவிடும். காலனிக்கு வர ரோடு சரியில்லை என்பார்கள். ரோடு போட்ட பிறகு சவாரி இல்லை என்றார்கள். பேருந்து நிற்காத ஊரைப் பற்றி 'கர்ணன்' படம் வந்தபோது நகரத்து நண்பர்கள் சிலர், 'இப்படியெல்லாம் இன்னுமா?' என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் ஆச்சரியமாக இருந்தது.

மண்டல விரைவு ரயிலின் நிலையங்கள் ஐந்து முதல் பத்து கி.மீ. இடைவெளியில்தான் இருக்கும். வேகம் வேண்டுமென்றால் அடிக்கடி நிற்க முடியாது, நியாயம்தான். அப்படியானால் நிற்கும் இடங்களைத் தீர்மானிப்பதே முழு அரசியல். ஒரு பேரூராட்சியின் எந்தப் பக்கத்தில் நிலையம் வரும்? ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா? வாசல் ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? இரண்டு பக்கமும் படிக்கட்டு வைக்க ஆகும் செலவு, மொத்தத் திட்டச் செலவில் தூசு. ஆனால் அதைக் கேட்க யாராவது அங்கே இருக்க வேண்டும்.

கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்தால் விஷயம் இன்னும் மோசம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், கையகப்படுத்துவதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், பாதிக்கப்படும் பகுதியிலேயே பொது விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. பட்டாக்காரர்கள் மட்டுமல்லாமல், அந்த நிலத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்து பிழைத்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள் ஆகியோரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று அந்தச் சட்டம் ஏற்கிறது. நம் மக்களைப் பொறுத்தவரை இந்திய நிலச் சட்டங்களில் இது பெரிய தாவல். ஆனால் அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கு இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டமும், 1978ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில்வே கட்டுமானப் பணிகள் சட்டமும் அதில் அடக்கம். பின்னால் வந்த உத்தரவின்படி இழப்பீடும் மறுவாழ்வும் அவற்றுக்கும் பொருந்தும். மக்களை உட்கார வைத்துக் கேட்பது பொருந்தாது.

சரி, மாநிலச் சட்டத்தின் கீழ் எடுத்தால்? சென்னை மெட்ரோவுக்கு நிலம் எடுக்கப் பயன்பட்டது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டம். 2013 சட்டத்திலிருந்து இதற்கும், நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் விலக்குக் கொடுத்துத் தமிழ்நாடு அரசு 105-அ என்ற பிரிவைச் சேர்த்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உடனே அரசு புதிய சட்டம் போட்டு அவற்றை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஒன்றைக் கவனியுங்கள்: விலக்குப் பெற்ற மூன்றாவது சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978 சட்டம். நம் பெயரில் இருக்கும் ஒரு சட்டத்தையும் நடுவில் செருகித்தான் மற்ற இரண்டையும் காப்பாற்றியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் பட்டியலிலேயே ரயில் பாதைகள் இல்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் பொது விசாரணை கட்டாயம் இல்லை. இது போன்ற திட்டங்களில் கருத்துக் கேட்பு நடக்கிறதென்றால் பெரும்பாலும் கடன் கொடுக்கும் பன்னாட்டு வங்கிகளின் நிபந்தனையால் நடக்கிறது. குடிமக்கள் என்பதற்காகக் கேட்பதில்லை, கடன் தருகிறவர் சொன்னதற்காகக் கேட்கிறார்கள்.

இது எந்த மண்ணில் நடக்கிறது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் ட்ரெமென்ஹீர் ஆட்சியராக இருந்த மாவட்டம். பறையர்களின் நிலமின்மை பற்றி அவர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பத்தாண்டு வரை யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று இந்தப் பக்கத்து டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போய் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த மாவட்டத்தின் வழியாகத்தான் இந்தப் பாதை போகப்போகிறது. பாதைக்கு எடுக்கப்படும் சர்வே எண்களில் எத்தனை பஞ்சமி நிலம்? இழப்பீட்டுக் காசோலை யார் பெயரில் போகும்? பஞ்சமி நிலத்தை வளைத்துப் போட்டிருப்பவர் அதற்குச் சந்தை மதிப்பில் இழப்பீடு வாங்கிக்கொண்டு போனால், நூற்றிமுப்பது ஆண்டுக் களவுக்கு அரசே ரசீது கொடுத்ததாக ஆகிவிடும். எனவே நில அளவைத் தொடங்கும் முன்பே, வழித்தடத்தில் உள்ள பஞ்சமி நிலங்களின் பட்டியலை வெளியிட வேண்டும். இது என் முதல் கோரிக்கை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 2011 கணக்கெடுப்பின்படி 20 விழுக்காடு பட்டியல் சாதியினர். விழுப்புரம் பக்கத்தில் அதைவிடக் கூடுதல். நிலத்தில் நம் பங்கு அதில் பாதிகூடத் தேறாது. அந்த மிச்சமும் ரயிலடியில் போய்விடக் கூடாது.

நிலமே இல்லாதவர்கள் கதை சென்னையிலேயே இருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் தூண் நட்டுக் கட்டியதுதான் பறக்கும் ரயில். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை. கால்வாயோரக் குடிசைகள் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று சொல்லப்பட்டன, கால்வாய்க்குள்ளேயே நட்ட தூண்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. இந்த ரயிலுக்காகவும் சாலைக்காகவும் நதிச் சீரமைப்புக்காகவும் என்று பல பெயர்களில் அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரில் 15 ஆயிரம் வீடுகளிலும், செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரம் வீடுகளிலுமாக அடைக்கப்பட்டன. அவர்களில் பெரும்பான்மையினர் யார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயிலுக்காக வீட்டை இழந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடத்துக்கு ரயில் இல்லை. மயிலாப்பூரில் வீட்டு வேலை பார்த்த பெண்கள் இரண்டு பேருந்து மாறிப் பழைய வேலைக்கே வந்தார்கள், முடியாதபோது விட்டார்கள்.

பயணிகளைக் கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் பேருந்து முனையம் திறந்தார்கள், பக்கத்தில் ஓடும் ரயில் பாதையில் நிலையம் இல்லாமலே. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் மூட்டையோடு இரவில் வந்து இறங்கிய உழைக்கும் மக்கள் எப்படி நகரத்துக்குள் போவார்கள் என்று யோசித்தவர்கள் யாரும் மூட்டை தூக்கியவர்களாக இருந்திருக்க முடியாது.

இனி 'கருத்துக் கேட்பு' என்று ஒன்று நடந்தாலும் அது எப்படி நடக்கும் என்று என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கம் ஒரு சாலை விரிவாக்கத்துக்காகக் கூட்டம் போட்டார்கள். இடம், ஊர்த் தெருவில் இருந்த கல்யாண மண்டபம். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த மண்டபம் கிடைக்காது. நேரம், புதன்கிழமை காலை பதினொரு மணி. எங்கள் தெருவில் அந்த நேரத்தில் இருந்தது கிழவர்களும் பிள்ளைகளும், நூறு நாள் வேலைக்குப் போகாத என் பெரியம்மாவும்தான். நானும் பெரியம்மாவும் போனோம். முன் வரிசை நாற்காலிகள் நிரம்பியிருந்தன. எங்களை உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இக்காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நாற்காலி மேல் துண்டு கிடக்கும். பட்டா வைத்திருப்பவர்கள் முதலில் பேசலாம் என்றார் அதிகாரி. பட்டாக்காரர்கள் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தென்னைக்கு இவ்வளவு, போர்வெல்லுக்கு இவ்வளவு. தப்பில்லை, அவர்களுக்கும் இழப்புதான்.

பெரியம்மா எழுந்து, மைக் வராததால் சத்தமாகவே கேட்டார்: "எங்க சுடுகாட்டுக்குப் போற வழி ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கு. நடுவுல சுவர் வெச்சிட்டா பாடைய எப்பிடித் தூக்கினு போறது?" மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். 'நோட் பண்ணிக்கிறோம்மா' என்றார் அதிகாரி. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். தென்னை இருந்தது, போர்வெல் இருந்தது. பெரியம்மா இல்லை. இன்று சாலை நடுவே தடுப்புச்சுவர் இருக்கிறது. சாவு விழுந்தால் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறோம், அதுவும் ஊர்த் தெரு வழியாகப் போகக் கூடாது என்ற சண்டையோடு.

சுடுகாட்டுப் பாதை சின்ன விஷயமல்ல. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழியே பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கியதை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. இரு பக்கமும் வேலி கட்டி, 160 கி.மீ. வேகத்தில் ஓடும் ஒரு பாதையை இந்த ஊர்களுக்கு நடுவே போட்டால், எத்தனை சுடுகாட்டுப் பாதைகள் வெட்டுப்படும்? எத்தனை ஊரில் பள்ளிக்கூடம் ஒரு பக்கமும் காலனி மறுபக்கமும் ஆகும்? உயர்த்திக் கட்டினால் இந்தச் சிக்கல் குறையும், செலவு கூடும். எந்த இடத்தில் உயரம், எந்த இடத்தில் தரை என்று முடிவு செய்யும் பொறியாளர் கையில் இருக்கும் வரைபடத்தில் ஏரி இருக்கும், கோயில் இருக்கும், மின்கோபுரம் இருக்கும். நம் சுடுகாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை எந்த வருவாய்த்துறை வரைபடத்திலும் இருப்பதில்லை.

கட்டணத்தைப் பற்றியும் இப்போதே பேசியாக வேண்டும். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 60 கி.மீ., சாதாரண மின்சார ரயிலில் 15 ரூபாய். அதே தூரத்துக்கு 2025இல் வந்த ஏ.சி. மின்சார ரயிலில் 105 ரூபாய். டெல்லி–மீரட் விரைவு ரயிலில் ஏறத்தாழ 55 கி.மீ. பயணத்துக்குச் சாதாரண வகுப்பில் 150 ரூபாய், உயர் வகுப்பில் 225. சித்தாள் வேலைக்குப் போகும் அக்கா போக வர 300 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு என்ன கொண்டுபோவார்? சீசன் டிக்கெட் இல்லாத ரயில் அவருக்கு ரயிலே அல்ல. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தை 2021இல் கொண்டுவந்து, அதன் பலனை நாடு முழுக்கப் பெருமையாகச் சொல்லும் அரசு, அந்தத் தர்க்கத்தை ரயிலுக்கும் நீட்டட்டும். புது ரயில் வந்ததும் பழைய பாசஞ்சர்களைக் குறைக்க மாட்டோம் என்று ரயில்வேயிடம் எழுத்தில் வாங்குவதும் இதோடு சேர்ந்தது. அது நடக்காவிட்டால் இந்தத் திட்டத்துக்கு நான் தரும் ஆதரவை நானே திரும்பப் பெறுவேன்.

மேற்கு மாவட்டத் தடத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு முன் அங்கிருக்கும் தோழர்களுக்குத்தான் உரிமை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது அந்தப் பகுதியின் தண்டவாளத்தில்தான். ஒரு பெண்ணோடு கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்ததற்காக. வேறு சாதியில் ஒருவரை நேசித்துவிட்டு ஓடிப்போகிறவர்கள் முதலில் போவதும் ரயில் நிலையத்துக்குத்தான். திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் தினமும் ஏறி இறங்கப்போகும் நிலையங்களில் கேமரா வைப்பதோடு பாதுகாப்பு என்ற சொல் முடிந்துவிடுமா என்று அங்குள்ளவர்கள் கேட்க வேண்டும்.

ஆக, என்ன செய்யலாம்? சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் சமூகத் தாக்க மதிப்பீட்டைச் செய்ய அரசுக்குத் தடையில்லை. அதைக் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(இ) பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அவற்றின் விவரங்களை அரசே வெளியிட வேண்டும் என்கிறது. சாத்தியக்கூறு அறிக்கையை, உத்தேச நிலையங்களின் பட்டியலை, தமிழில், சர்வே எண்ணோடு வெளியிடச் சொல்வோம். கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கட்டும், காலனியிலும் ஒரு கூட்டம் நடக்கட்டும், பட்டா இல்லாதவர் பெயரும் பதிவேட்டில் வரட்டும்.

அதற்கு முன், யாரும் அழைக்காமலே நமக்கு ஒரு மேடை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வழித்தடத்தில் இருக்கும் ஊராட்சிகளில் இந்த ரயில் பற்றித் தீர்மானம் கொண்டுவரலாம். ஊராட்சிக் கூட்டத்தில் நம் தலைவர்களையே தரையில் உட்கார வைக்கும் ஊர்கள் உண்டு என்பதை மறக்கவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து வந்த அந்தப் படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால் தனியாகப் போகாமல், தெருவாகப் போக வேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கி, செல்பேசியை எடுத்துக்கொண்டு, சுடுகாட்டுப் பாதை, தண்ணீர்க்குழாய், பள்ளிக்குப் போகும் வழி, பஞ்சமி நிலம் என்று நடந்து குறித்துவிட்டால் அதுவே ஒரு வரைபடம். எங்கள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து அதைச் செய்துவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது.

அடுத்த கிராம சபைக்குப் பெரியம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மனுவை என்னை எழுதச் சொன்னார். காலை ரயில் நேரத்தைத்தான் முதலில் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அத ரெண்டாவதா போடு" என்றார். இப்போது முதல் வரியில் சுடுகாட்டுப் பாதை இருக்கிறது.